கடலுக்கு எல்லை வரைவது எப்படி? தேசியப் பூங்காவும் கடற்பசுப் பாதுகாப்பகமும்

மேலூர் ஆசிரியர்:
வணக்கம். மேலூர் வட்டாரப் பள்ளி ஒன்றில் சுற்றுச்சூழல் மன்றத்தைக் கவனித்து வருகிறேன். குன்றுகள் சூழ்ந்த எங்கள் பகுதி ஊரான அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதைப் பற்றிப் பேசியபோது, மலைக்கு எல்லைக்கல் நடலாம், கடலுக்கு எதை நடுவார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். மேலும், மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்கா, உயிர்க்கோளக் காப்பகம் என இரண்டு பெயர்களும், பாக் விரிகுடாவில் கடற்பசுப் (கடற்புல் மேயும் பாலூட்டி) பாதுகாப்பகம் என்ற பெயரும் வழங்குகின்றன. மீன்பிடித்தலைத் தடுக்கும் அதிகாரம் இவற்றுள் எதற்கு உண்டு?

வழக்கறிஞர், மதுரை:
ஆசிரியர் அவர்களுக்கு, அந்த அதிகாரம் பெரிதும் தேசியப் பூங்காவுக்கே உரியது. ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1986-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர் பரந்தது என்றாலும், அதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது.

கடற்பகுதியைப் பூங்காவில் சேர்ப்பதாயின் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், கடற்படையின் நீரியல் அதிகாரியை (கடலை அளந்து வரைபடமாக்குபவர்) கலந்தே எல்லை வகுக்க வேண்டும், உள்ளூர் மீனவரின் தொழில் நலனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகள் அச்சட்டத்தின் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நுழைந்தன; பூங்கா அதற்கு முன்பே வந்துவிட்டது. கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் அமைந்தது. இவ்வகைக் காப்பகத்தை உள்ளூர் மக்களைக் கலந்த பிறகே அறிவிக்க இயலும். அதன் மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. என் மதிப்பில் இதுவே முக்கியமான வேறுபாடு.

கீழக்கரைக்காரர் (இப்போது மதுரையில்):
மாணவியின் கேள்விக்கு விடை ஆழத்தில் இருக்கிறது. பூங்காவின் எல்லை தீவின் கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், கடற்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை செல்கிறது. ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. தீவோரம் மூழ்கிப் பாசி எடுத்து வந்த எங்கள் பெண்கள் இந்தக் கோட்டைக் கண்ணால் காண முடியாது; அதைத் தாண்டியதற்கு வழக்கு என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆயினும் காப்பகமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் விளைவாகப் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகளும் நீருக்குள் போய்விட்டன. ஆவுளியா (கடற்பசு) மேயும் கடற்புல்லை விசைப்படகின் இழுவலை வேரோடு பெயர்த்துவிடும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டு மாநிலச் சட்டமே சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது மீன்வளத்துறை, பூங்காவைக் காப்பது வனத்துறை. பாசி எடுப்பவரிடம் காட்டும் கண்டிப்பை விசைப்படகிடமும் காட்டினால் கரையோர ஊர்களே காப்பகத்துக்குத் துணை நிற்கும்.

மேலூர் ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. மாணவர்களைத் தீவுக்கு அழைத்துச் செல்ல இயலுமா?

கீழக்கரைக்காரர்:
தீவில் இறங்க வனத்துறையின் அனுமதி கட்டாயம். பிள்ளைகளுக்கு ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான காரங்காடு எளிது. அங்கே வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துச் செல்கிறார்கள்.