ஸ்ட்ரைப்பர் கண்ணெதிரே, கடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது: உங்களுக்கும் நடந்ததா?

சாண்டி ஹூக் வாசி

நவம்பர் முதல் வாரம், அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக், கடல் பக்கம், பொழுது சாயும் நேரம். பீனட் பங்கர் (குட்டி மென்ஹேடன் மீன்) கூட்டம் கரையோடு ஒட்டிக் கருப்பாக நகர்கிறது. அதன் வெளி விளிம்பில் ஸ்ட்ரைப்பர்கள், அதாவது ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்கள், புரள்கின்றன. வால் தெரிகிறது, முதுகுத் துடுப்பு தெரிகிறது. பாப்பர், மெட்டல், வெள்ளை பக்டெயில் என்று எல்லா லூரும் (போலி இரை) போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் தொடவில்லை.

அப்போது ஓர் அலை எழும்பியது. அதற்குள் ஒரு மீன் முழுதாகத் தெரிந்தது, பக்கவாட்டுக் கோடுகள் உட்பட. முப்பது அங்குலத்துக்குக் குறையாது. என் லூருக்கு ஒரு முழம் பின்னால் வருகிறது. ரீலைச் சுற்றினால் வருகிறது, நிறுத்தினால் நிற்கிறது. என் காலுக்கு இரண்டு கஜம் வரை வந்து, மெதுவாகத் திரும்பிப் போய்விட்டது.

பசியும் இருக்கிறது, வேட்டையும் நடக்கிறது. இதை மட்டும் ஏன் வேண்டாம் என்றது? அந்த மீன் திரும்பிய விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்படி நடந்தவர்கள் எழுதுங்கள்.

கால்வாய்க்கரை

மாசசூசெட்ஸில் கேப் காட் கால்வாய்க்கு வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே நீரோட்டம் திசை மாறும். வேகமாக ஓடும்போது நாலு அவுன்ஸ் ஜிக் (கனமான லூர்) கூட அடியில் நிற்காது.

போன ஜூன், சேகமோர் பாலத்துக்குப் பக்கத்தில், இருட்டிலேயே போய் நின்றேன். விடியும்வரை ஒரு தட்டல்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்புறம் ஓட்டம் தளர்ந்தது. மிதந்து போய்க்கொண்டிருந்த பாசி ஒன்று எனக்கு நேராக வந்து நின்றது. நின்றது என்றால் அசையாமல் நின்றது. பிறகு வந்த வழியே மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. அந்தப் பாசி ஒரு பாறை நீளம்கூடப் போகவில்லை, கானாங்கெளுத்திக் கூட்டம் தண்ணீரை விட்டுச் சிதறியது. கீழே இருந்து ஸ்ட்ரைப்பர்கள் மேலே வந்து அடிக்கின்றன. எறிந்த முதல் எறிவிலேயே ஒன்று மாட்டி, பாறையில் உரசித் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. என்ன எடை இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், நண்பரே: பாப்பர், மெட்டல் என்று அடுக்கினீர்களே, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா வடிந்துகொண்டிருந்ததா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. ஸ்ட்ரைப்பர் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, பாறைக்கோ மணல் மேட்டுக்கோ பின்னால் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவரும் இரையைப் பிடிக்கிற மீன். ஓட்டம் தெரியாமல் லூரைப் பற்றிப் பேசி என்ன பயன்?

உப்புக்குளம்

கால்வாய்க்கரை சொல்வது கால்வாய்க்குப் பொருந்தும். எல்லா இடத்துக்கும் அதையே சட்டமாக்க வேண்டாம்.

ரோட் ஐலண்டில் நினிக்ரெட் குளம். மே மாதம், அமாவாசையை ஒட்டிய மாலை. அந்த மூலையில் ஓட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இருட்ட ஆரம்பித்ததும் சேற்றிலிருந்து செம்புழுக்கள் இனப்பெருக்கத்துக்கு மேலே வந்து சுற்றிச் சுற்றி நீந்தின. விரல் நீளம்கூட இல்லை. சுற்றிலும் 'சப் சப்' என்று சத்தம். ஸ்ட்ரைப்பர்கள் வாயை மேலே வைத்து உறிஞ்சுகின்றன. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறேன், ஒன்று என் காலணியை உரசிக்கொண்டு போகிறது. நான் எறிந்த ஐந்தங்குல ரப்பர் மீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அருகில் 'ஈ' (இறகும் நூலும் கட்டிய போலி இரை) போட்டுப் பிடிக்கும் பெரியவர் ஒருவர், இரண்டங்குலச் செந்நிற ஈயை ஏறக்குறைய அசைக்காமலேயே விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

ஒரே இரை ஏராளமாகக் கிடைக்கும்போது இந்த மீன் அந்த அளவு, அந்த அசைவு தவிர வேறெதையும் ஏற்பதில்லை. சாண்டி ஹூக்கிலும் அதுதான் நடந்திருக்கும். பீனட் பங்கர் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது உங்கள் லூர் அதிலிருந்து வேறாகத் தெரிந்திருக்கும்.

சாண்டி ஹூக் வாசி

தண்ணீர் வடிய ஆரம்பித்த நேரம்தான், கால்வாய்க்கரை. ஓட்டம் நன்றாகவே இருந்தது. அதனால் உப்புக்குளம் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் வேறாகத் தெரிந்தால் பின்தொடர்ந்தே வந்திருக்காதே? அவ்வளவு தூரம் வந்து ஏன் திரும்பியது?

கோடையில் தூண்டில் எடுக்காதவன்

நான் எழுத வந்தது வேறு. ஜூலை மத்தியானம், செசபீக் விரிகுடாவில் ஒரு படகுத்துறை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒருவர் நல்ல நீள ஸ்ட்ரைப்பரைப் பிடித்து, சுடும் பலகையில் கிடத்தி, அளந்து, தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுத்து, பிறகு கவனமாகத்தான் தண்ணீரில் விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது துறையின் மறுபக்கம் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்து வந்தது. செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

ஆகவே எல்லோரும் தயவுசெய்து கவனியுங்கள். தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அதில் ஆக்சிஜன் குறையும், போராடிக் களைத்த ஸ்ட்ரைப்பர் மீள்வது கடினம். அந்த நாட்களில் விடியற்காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது வேறு மீனைத் தேடுங்கள். மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டாதீர்கள். கனமான கோலை எடுத்துச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், இல்லாவிட்டால் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பு போய்விடும். தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கடியில் இன்னொரு கை கொடுங்கள். இயற்கை இரை என்றால் சர்க்கிள் ஹூக் தான். 2021 முதல் அது கட்டாயம். விழுங்கினாலும் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். சுண்டி இழுக்க வேண்டாம், நரம்பு இறுகட்டும், போதும். லூரில் மூன்றுமுள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடலாம், அதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடலாம்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், கரையோர ஸ்ட்ரைப்பரில் பெரும்பகுதி செசபீக்கின் ஆறுகளில்தான் பிறக்கிறது. 2019 முதல் அங்கே குஞ்சுகள் மிகக் குறைவாகவே தேறுகின்றன. 1985இல் மேரிலாந்து இந்த மீனைப் பிடிக்கவே தடை போட்டது; 1990 வரை நீடித்தது. அது மறுபடி வரக் கூடாது என்றால், விடுகிற மீன் பிழைக்க வேண்டும். மீன்வள மதிப்பீடுகளில், பிடித்து விடப்படும் மீனில் நூற்றுக்கு ஒன்பது சாவதாகக் கணக்கு வைக்கிறார்கள். கோடை மத்தியானத்தில் அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

மேற்குக்கரை

நான் கலிபோர்னியா. எங்கள் ஸ்ட்ரைப்பர் எல்லாம் உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான், சாண்டி ஹூக் அண்ணா. 1879இல் உங்களுக்குப் பக்கத்து நேவசிங்க் ஆற்றிலிருந்து குட்டி மீன்களை ரயிலில் கொண்டுவந்து கார்க்கினெஸ் நீரிணையில் விட்டார்கள். ஒன்றரை நூறு கூட இல்லை. அதிலிருந்தும் சில ஆண்டுகளில் விட்ட இன்னொரு தொகுதியிலிருந்தும் வளர்ந்தவைதான் இங்கே இருப்பவை.

பசிஃபிகா கடற்கரையில் ஒரு கோடைக் காலை. ஸ்ட்ரைப்பர்கள் நெத்திலியைக் கரைக்கு விரட்டிக்கொண்டு வந்தன, பெலிக்கன்கள் விழுந்துகொண்டிருந்தன. வரிசையாக நின்ற எல்லோரும் இடுப்பளவு இறங்கி, முடிந்த மட்டும் தூரமாக எறிகிறார்கள். ஒரு பையன், பதினைந்து வயதிருக்கும், ஈர மணலிலேயே நின்று, எல்லோருக்கும் பின்னால், கரையோரப் பள்ளத்தில் கரைக்கு இணையாக எறிந்தான். முழங்கால் தண்ணீரில் இருபது பவுண்டு மீன் ஏறியது. நாங்கள் நின்ற இடத்துக்கும் கரைக்கும் நடுவே! அலை உடைந்து நுரையாகும் இடத்தில் நெத்திலி தடுமாறும், ஸ்ட்ரைப்பர் அங்கேதான் காத்திருக்கும்.

அண்ணா, உங்கள் மீன் காலுக்கு இரண்டு கஜத்தில் திரும்பியது என்றீர்கள். அது உங்களைப் பார்த்திருக்கும். ஈர மணலில் நின்று, கடைசிப் பத்தடியில் ரீலை நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். உயிருக்குப் பயந்த இரை தன்னை வேட்டையாடும் மீன் முன்னால் நிற்காதே. நீங்கள் நிறுத்தியபோதுதான் அது சந்தேகப்பட்டிருக்கும்.

சாண்டி ஹூக் வாசி

நிறுத்தியதுதான் காரணம் என்பது இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி தம்பி.

கால்வாய்க்கரை

மேற்குக்கரை சொன்னது மணற்கரைக்கு முழுக்கச் சரி. கால்வாயில் யாரும் இதை முயல வேண்டாம். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம், பாறையெல்லாம் பாசி, காலணியில் முள் இல்லாமல் இறங்கினால் ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும்.

கோடைக்காரரே, உங்கள் அறிவுரையில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2023இலிருந்து அட்லாண்டிக் கடற்கரையில் 28 முதல் 31 அங்குலம் வரை உள்ள ஒரு மீனைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள், ஒவ்வொன்றிலும் பல லட்சம் முட்டை. ஆகவே கால்வாயில் பெரியது மாட்டினால் பாறைமேல் இழுத்துப் போடாமல், தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். நீளமான குறடு ஒன்று இடுப்பில் இருக்கட்டும்.

உப்புக்குளம், உங்கள் புழு விஷயத்தை நான் நம்பவில்லை. அடுத்த மே அமாவாசைக்கு நினிக்ரெட் வருகிறேன். எந்தக் கரையில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

உப்புக்குளம்

வாருங்கள். ஆனால் அமாவாசைத் தேதியை மட்டும் நம்பி வராதீர்கள், தண்ணீர் சூடேறியதா என்று பார்த்துச் சொல்கிறேன். ஐந்தங்குல ரப்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.