கீழூரில் ஓட்டுப் போட்டது யார்?

வில்லியனூரான்: நேத்து வாசகர் வட்டத்துல ஒருத்தர் எழுந்து, "1954ல புதுச்சேரி மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் இந்தியாவோட சேர்ந்தாங்க"ன்னு அடிச்சுச் சொன்னார். கைதட்டல் வேற. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. 1954 அக்டோபர் 18, புதுச்சேரி பக்கத்துல கீழூர் கிராமம். ஓட்டுப் போட்டவங்க 178 பேர். சட்டசபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும். சேரணும்னு 170, வேணாம்னு 8. இதுல மக்கள் எங்க வந்தாங்க? அரசியல் வரலாறு பேசறவர் ஒரு புத்தகத்தையாவது முழுசாப் படிச்சிருக்க வேணாமா?

முத்தியால்பேட்டை: அந்த ஒருத்தர் நான்தான் சார். நேராவே திட்டுங்க. கவுன்சிலரை அனுப்பினது யாரு? மக்கள். அவர் போட்டா மக்கள் போட்டதுதான். எங்க தாத்தா 54ல கொடி பிடிச்சு போலீஸ்கிட்ட அடி வாங்கினவர். அவருக்குத் தெரியாததா உங்க புத்தகத்துல இருக்கு?

வில்லியனூரான்: அடி வாங்கினதை மறுக்கல. ஓட்டுப் போட்டாரான்னுதான் கேட்டேன். வங்காளத்துல பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்த சந்திரநாகூர்ல 1949 ஜூன்ல ஜனங்களே போய்ப் போட்டாங்க. அதுக்குப் பேர் மக்கள் ஓட்டு. நம்ம ஊர்ல 178.

மஞ்சக்குப்பம்: எப்பப் பார்த்தாலும் உங்க ஊர்ப் பெருமைதானா? எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்த இங்கிலீஷ்காரன் கோட்டையை 1758ல பிரெஞ்சுத் தளபதி லல்லி பிடிச்சு இடிச்சானே, அதை யாராவது படிக்கறீங்களா?

முத்தியால்பேட்டை: 1761ல இங்கிலீஷ்காரன் எங்க ஊரையே இடிச்சுத் தள்ளினான். அதையும் சேர்த்துப் படிங்க.

வில்லியனூரான்: பேச்சை மாத்தாதீங்க. 178. ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே யார்கிட்ட என்ன பேசினார்ங்கறது வரைக்கும் பக்கத்துலயே நின்னு பார்த்து எழுதினார். எழுதி வெச்சதாலதான் இன்னிக்கு நமக்குத் தெரியுது. வாய்ப்பேச்சா விட்டிருந்தா அவரோடவே போயிருக்கும்.

முத்தியால்பேட்டை: அவர் துபாஷி, பிரெஞ்சுக்காரங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர். கவர்னர் தயவுல இருந்தவர். டூப்ளே பொண்டாட்டியை எப்படிக் கரிச்சுக் கொட்டறார்னு பாருங்க. எழுதிட்டா எல்லாம் உண்மையாயிடுமா?

வில்லியனூரான்: அந்தத் தயவுல இருந்துக்கிட்டேதான் 1748ல பிரெஞ்சுக்காரங்க வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்சதையும் எழுதினார். அவருக்கு யார் மேல கோபம், யார்கிட்ட காரியம் ஆகணும்னு பார்த்துப் படிக்கணும். அதுக்குப் பேர்தான் படிப்பு. எண்ணிக்கையில கோபம் ஏது? 178.

லாஸ்பேட்டை: ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. விடுதலை நாள் 1954 நவம்பர் 1ஆ, 1962 ஆகஸ்ட் 16ஆ?

முத்தியால்பேட்டை: 54தான். நிர்வாகம் கைக்கு வந்த நாள்.

வில்லியனூரான்: சட்டப்படி 62. கீழூருக்கே இன்னும் பதில் வரல, அதுக்குள்ள இது வேறயா?

முத்தியால்பேட்டை: பிரெஞ்சு பென்ஷன்ல வளர்ந்த வீடு. உங்களுக்கு 62தான் இனிக்கும்.

வில்லியனூரான்: எங்கப்பா பட்டாளத்துல உழைச்சு வாங்கின பென்ஷன் அது. அதைத் தொடாதீங்க! ரெண்டு வருஷமா என் புத்தகம் உங்க வீட்டு அலமாரியில கிடக்கு. கீழூர்ப் பக்கத்துல நானே பென்சில்ல கோடு போட்டிருக்கேன். ஒரு நாளாவது திறந்தீங்களா?

முத்தியால்பேட்டை: நான் கேக்கல, நீங்க திணிச்சது. ஞாயித்துக்கிழமை கொண்டாந்து தர்றேன். அங்கயும் இதையேதான் சொல்வேன், மக்கள்தான் ஓட்டுப் போட்டாங்க.

வில்லியனூரான்: 178 பேர்!

மஞ்சக்குப்பம்: தேவனாம்பட்டினம் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல பாருங்க.