சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடில் வைத்த அக்ரிலிக் வில்லை பொரி மாதிரி உப்பிவிட்டது, ஏன்?

கிண்டி_மாணவி:
எம்.டெக் புராஜெக்ட். பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) வில்லைக்குள் மிச்சமிருக்கும் மோனோமரை (பாலிமர் சங்கிலியில் சேராமல் நின்ற மூலக்கூறுகளை), டொலுவீன் மாதிரி கரைப்பான் எதையும் தொடாமல் சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு (சூடும் அழுத்தமும் ஏறி, திரவம், வாயு என்ற வித்தியாசமே இல்லாமல் போன நிலை) வைத்தே வெளியே எடுக்கப் பார்க்கிறேன். 2 மி.மீ. தடிமன், 45 டிகிரி, 150 பார், 3 மணி நேரம். முடிந்ததும் ஐந்தே நிமிடத்தில் அழுத்தத்தை இறக்கினேன். கண்ணாடி மாதிரி உள்ளே போனது, வெள்ளையாக உப்பி வெளியே வந்தது. பிஎம்எம்ஏ இளக 105 டிகிரி வேண்டாமா? அப்புறம், ஏப்ரலில் இருந்து மதியமானால் பம்ப் அழுத்தம் ஏற்றவே மாட்டேன் என்கிறது, காலையில் ஒழுங்காக ஓடுகிறது.

மணலி_மூர்த்தி:
105 என்பது சாதாரணக் காற்றில் அம்மா. அந்த அழுத்தத்தில் வாயு பாலிமருக்குள் புகுந்து சங்கிலிகளை விலக்கிவிடும், 45-லேயே வில்லை இளகிவிடும். சட்டென்று இறக்கினால் உள்ளே கரைந்த வாயு வெளியே வர நேரமில்லாமல் அங்கேயே குமிழியாகிறது, வாயு போனதும் பாலிமர் மறுபடி இறுகுவதால் குமிழி அப்படியே நின்றுவிடுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் வாயு வெளியேற நான்கு மடங்கு நேரம் பிடிக்கும், அதனால் மெல்லிய வில்லை போட்டு ராத்திரி முழுக்க மெதுவாக இறக்குங்கள். கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் கழற்றிப் பாருங்கள், அதுவும் பாலிமர்தான்.

பெரம்பூர்_அக்கா:
பம்ப் விஷயம் நம்ம ஊர் வெயில்தான். இந்த வாயுவின் கிரிட்டிக்கல் புள்ளி 31.1 டிகிரி, 73.8 பார். லேப் அதைத் தாண்டிச் சூடானால் சிலிண்டருக்குள் திரவமே இருக்காது, திரவத்தை நம்பிய பம்ப் அமுங்குகிற வாயுவை வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். சிலிண்டரை நிழலான, குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள், பம்ப் தலைக்குச் சில்லர் (குளிரூட்டும் கருவி) போட்டு 5 டிகிரியில் வையுங்கள். வெளியேறும் வாயுக் குழாயைக் கட்டாயம் ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். காற்றைவிடக் கனமானது, ஏசி ரூமில் தரையோடு தேங்கி நிற்கும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம் தங்கச்சி.

ஃபோம்_பிரியன்:
வில்லையே கரைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஃபுளோரின், சிலிக்கோன் வகைப் பாலிமர்கள்தான் கார்பன் டை ஆக்சைடில் நன்றாகக் கரையும். 1992-ல் அமெரிக்காவில் வேதியியலாளர் ஜோசப் டிசைமோன் குழு இதற்குள் முதலில் ஃபுளோரோபாலிமரைச் (ஃபுளோரின் உள்ள பாலிமரை) செய்து காட்டியதற்குக் காரணமே அதுதான். 1994-ல் பிஎம்எம்ஏ செய்தபோது துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்க ஃபுளோரின் உள்ள ஸ்டெபிலைசர் சேர்க்க வேண்டியிருந்தது. உப்பிய வில்லையைத் தூக்கிப் போடாதீர்கள், உடைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் குமிழி அளவைப் பாருங்கள். ஃபோம் செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான்.

கிண்டி_மாணவி:
ஓ-ரிங்கைக் கழற்றினேன் அண்ணா, ஓரமெல்லாம் கொப்புளம். புதுசு மாற்றிவிட்டு, இன்று சாயங்காலம் அரை மி.மீ. வில்லை போட்டு விடியும்வரை இறக்கப் போகிறேன். சில்லருக்கு சாரிடம் கேட்டிருக்கிறேன்.