சொறிக்குள்ளே குடியிருப்பவை: பார்த்தவர்கள் எழுதுங்கள்

தேவகோட்டைக்காரன்

தை அமாவாசைக்குத் தொண்டிப் பக்கம் தீர்த்தாண்டதானம் போயிருந்தோம். அப்பாவுக்குத் தர்ப்பணம். எல்லாம் முடிந்து ஈர வேட்டியோடு கரையில் நடந்தேன். வலையிலிருந்து கழித்துப் போட்ட சொறி ஏழெட்டு வெயிலில் கிடந்தன. சொறி என்றால் ஜெல்லி மீன், குடை மாதிரி உடம்பு, தொட்டால் கொட்டுகிற ஊசிகள். ஒன்றை மட்டும் குச்சியால் புரட்டினேன். அடியில் காலிஃபிளவர் மாதிரித் தொங்குமே, அந்தக் கைகளுக்கு நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு. பக்கத்தில் வெள்ளிப்பொட்டு மாதிரி இரண்டு மீன்குஞ்சுகள்.

நண்டை மணலில் தட்டிவிட்டேன். பத்தடியில் கடல். அது கடலுக்குப் போகவில்லை. பக்கவாட்டில் ஓடி, செத்த சொறிக்குள்ளேயே மறுபடி நுழைந்துகொண்டது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் அதேதான். மூன்று வாரமாகிறது, படுத்தால் இதுதான் கண்ணில் நிற்கிறது. அது அங்கே வாடகைக்கு இருக்கிறதா, வீட்டையே தின்கிறதா?

கண்டனூர் மருமகள்

அண்ணே, முதுகில் சிலுவை மாதிரிக் கோடு இருந்ததா? இருந்தால் அது சிலுவை நண்டுக் குஞ்சு. சின்னதில் சொறியைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றும், பெரிதானால் தரைக்கு இறங்கிவிடும். நாம் மசாலா அரைத்துப் போடுகிற அதே நண்டுதான்.

என் கதை வௌவால் மீனுடையது. காரைக்குடிச் சந்தையில் வாங்கி வந்து வயிற்றைக் கீறினேன். உள்ளே கொழகொழவென்று ஏதோ கூழ். கூழுக்கு நடுவே எள்ளைவிடச் சின்னதாக, வெள்ளையாகச் சில. நெளிந்ததா, என் கை நடுங்கியதா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மீனை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடிவிட்டேன். மாமியார் வந்து பார்த்தார். "குடலுக்குள்ள இருந்தது கொழம்புக்குள்ள எப்படிடி வரும்?" என்று கேட்டுக்கொண்டே குடலை வழித்து எறிந்தார், மஞ்சளும் உப்பும் போட்டு அலசினார், குழம்பு கொதித்துவிட்டது. எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் ரசம்.

மீன்வளம் படிக்கிற என் தம்பி மகன் அப்புறம்தான் சொன்னான். சில தட்டைப்புழுக்களின் குஞ்சுகள் சொறியின் உடம்புக்குள் காத்துக்கிடக்குமாம். சொறியைத் தின்கிற மீனின் குடலுக்குப் போனால்தான் அவை முழுப்புழுவாகும். வௌவால் சொறி தின்கிற சாதி. அவற்றுக்குச் சொறி குடியிருக்கிற வீடு இல்லை, பஸ் ஸ்டாண்டு.

ஊரணிக்கரை

இதற்கு ஏன் தொண்டி வரைக்கும் போகிறீர்கள்? பள்ளத்தூரில் எங்கள் தெரு ஊரணியிலேயே இந்தக் கூத்து உண்டு. ஹைட்ரா. சொறியின் நன்னீர்ப் பங்காளி.

1987, கல்லூரியில் விலங்கியல். ஊரணியிலிருந்து வேலம்பாசியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளிவந்து இரவு முழுக்க ஜன்னலில் வைத்தோம். காலையில் கண்ணாடியில் நூல்நூலாக ஹைட்ரா தொங்கியது. ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தேன். தண்ணீர்ப்பூச்சி ஒன்று அதன் கையில் லேசாக உரசியது. அவ்வளவுதான், விறைத்துவிட்டது. அதே கையின் மேல், அதே நேரத்தில், முட்டை வடிவத்தில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நீந்தவில்லை, நிஜமாகவே ஓடியது. மேலே போகும், நுனியில் திரும்பும், கீழே வரும். ஹைட்ரா அதைச் சீண்டவே இல்லை. அத்தனை கொட்டு ஊசிக்கு நடுவில் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரிச் சுற்றியது.

சாரைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்து, "ஹைட்ராப் பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மணி அடித்தது, தட்டைக் கழுவச் சொன்னார்கள், கழுவிவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரே செல்லால் ஆன அதன் பெயர் கெரோனா என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஹைட்ராவை வெட்டினால் மறுபடி முளைக்கும் என்று காட்டிய டிரெம்ப்ளே, 1744இல் வந்த தன் புத்தகத்திலேயே இந்தப் பேன்களைப் பற்றி எழுதிவிட்டாராம். ஊரணியில் இப்போது ஆகாயத்தாமரைதான் இருக்கிறது.

உப்புக்காற்று

தேவகோட்டை அண்ணன் கேள்வியே தப்பு. வாடகையா, தீனியா என்று இரண்டாகப் பிரிக்க முடியாது. எங்கள் தாத்தா பர்மாவில் லேவாதேவிக் கடையில் கணக்குப் பார்த்தவர். அவர் ஆளை எடைபோடுவது ஒரே கேள்வியால்: வட்டியை எடுக்கிறானா, முதலையே எடுக்கிறானா? சொறியிலும் அதையே கேளுங்கள். குடைக்கு அடியில் நிற்கிற பாரைக் குஞ்சுகள் பெரிய மீனுக்குப் பயந்து ஒதுங்கியவை. சொறியோடு சுற்றுகிற நண்டுகளில் சில சொறி பிடிக்கிற இரையைப் பிடுங்கும், அவ்வப்போது சொறியையும் கிள்ளும். இது வட்டி. ஹைப்பீரியா என்று ஒன்று உண்டு, கூனி மாதிரி, தலை முழுக்கக் கண். தாய் தன் குஞ்சுகளைச் சொறியின் மேலேயே இறக்கிவிட்டுப் போகும். அவை சொறியின் சதையையும் சினையையும் தின்று வளரும். இது முதல். எல்லாவற்றையும் 'பேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்த அந்தச் சாரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

என் அனுபவம் மண்டபத்தில். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அங்கே ஒரு நிலையம் உண்டு, கடல்நீரில் உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை ஆராய்கிற இடம். படிக்கிற காலத்தில் கூட்டிப்போனார்கள். பக்கத்துப் படகுத்துறையில் ஒரு கயிறு, அதில் பழுப்பாகப் பாசி. வேண்டாத வேலை, வெறுங்கையால் உருவினேன். அது பாசி இல்லை. ஹைட்ராய்டு, சொறியின் ஒன்றுவிட்ட தம்பி. ஒரு வாரம் கை தடித்து அரித்தது.

ஆனால் மறக்க முடியாதது அரிப்பு இல்லை. உள்ளங்கையில் இருந்த அந்தக் கொத்தில் நூல் மாதிரி ஏழெட்டு உருவங்கள் பின்காலால் பிடித்து நின்றுகொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. கும்பிடுபூச்சி மாதிரி, ஆனால் விரல்கணு நீளம்கூட இல்லை. என் கை எரிகிறது, இவை பாட்டுக்குக் கும்பிடுகின்றன. காப்ரெல்லா, எலும்புக்கூட்டு இறால் என்று கூட வந்தவர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், நான் நம்பவில்லை, அப்புறம் படித்தால் உண்மை. ஹைட்ராய்டைத் தின்கிற ஓடில்லாத கடல்நத்தைகளில் ஒரு வகை, அதன் கொட்டு ஊசிகளை வெடிக்காமல் விழுங்கித் தன் முதுகில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சதைகளின் நுனியில் சேர்த்துவைத்துக்கொள்ளும். தன்னைத் தொட வருகிறவனுக்கு அந்தத் திருட்டு ஊசியாலேயே குத்து.

புளியமரத்தடி

தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குப் போனபோது எனக்கு முழங்காலில் சொறி பட்டது. அதில் நண்டு இருந்ததா என்று பார்க்கவில்லை.

ஆனால் எல்லோரும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். குச்சியால் புரட்டினேன், கையால் உருவினேன் என்று பெருமையாக எழுதுகிறீர்கள். செத்துக் காய்ந்த சொறியும் கொட்டும். ஊசிகளுக்கு உயிர் வேண்டாம், தொட்டால் போதும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க மிச்ச ஊசியும் வெடிக்கும். குழாய்த் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், கடல்நீரிலேயே அலசுங்கள். ஒட்டியிருக்கிற இழையை இடுக்கியால் எடுங்கள், விரலால் வேண்டாம். பிறகு கை பொறுக்கிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் இருபது நிமிஷம் வையுங்கள். கொதிக்கிற நீரை ஊற்றிக் கொப்புளம் வரவழைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர் வைத்தியம் சொல்கிற ஆளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், முகம் வீங்கினால் நேராக ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்குப் பட்டால் இன்னும் சீக்கிரம். அப்புறம், மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினால்...

கண்டனூர் மருமகள்

புளியமரத்தடி அண்ணே, இங்கே யாரும் வைத்தியம் கேட்கவில்லை. மீன் வாங்க எனக்குத் தெரியும்.

தொண்டி மாணவி

நான் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் படிக்கிறேன். உப்புக்காற்று ஐயாவின் வட்டிக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். இழுவைப் படகில் வந்த பெரிய சொறி ஒன்றை வாளியில் போட்டுக் கொடுத்தார்கள். குடைக்கு அடியில் பாம்புவால் மாதிரிக் கைகளோடு சின்ன நொறுங்கு நட்சத்திரங்கள், நட்சத்திர மீனின் பங்காளிகள். பதினொன்று எண்ணினேன். ஒஃபியோக்னெமிஸ் வகை, சொறிகளில் வழக்கமாக இருப்பதுதான். ஒன்றை இடுக்கியால் எடுத்தால் கையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு மற்ற நான்கு கைகளால் சொறியைக் கட்டிக்கொண்டது. சொறியின் உடம்பில் எங்கேயும் கடித்த தடம் தெரியவில்லை. இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது, ஐயா?

உப்புக்காற்று

சொறிக்கு வருகிற இரையில் பங்கு எடுத்தால் அதுவும் வட்டிதான் தாயி. தடம் இல்லை என்பதற்காகக் கணக்கில் எழுதாமல் விடக் கூடாது.

ஊரணிக்கரை

எங்கள் சாரை விடுங்கள், அவர் பாவம். தேவகோட்டைக்காரரே, அந்த நண்டைக் கடைசியில் கடலில் விட்டீர்களா?

தேவகோட்டைக்காரன்

இல்லை. பஸ் வந்துவிட்டது. கோடு சிவப்பாக இருந்தது, சிலுவையா என்று பார்க்கவில்லை. மீன்குஞ்சுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.