விழித்திருக்கும் நோயாளி, 8 மி.மீ. குழாய்: முதுகுத்தண்டு எண்டோஸ்கோப்பி பயிற்சியில் பார்த்தவை

முதுகின் பக்கத்திலிருந்து குழாய் செலுத்தி, விலகிய டிஸ்க்கை (முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு) எடுக்கும் பக்கவாட்டு வழி எண்டோஸ்கோப்பியை வலி மருத்துவர்கள் பழகும்போது எங்கே தடுமாறுகிறார்கள்? சொல்லித்தருபவர்களும் அரங்கில் கூட நிற்பவர்களும் எழுதுங்கள். பேச்சு சிதறாமலிருக்க எல்4-5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே) ஜவ்வு விலகலையே எடுத்துக்கொள்வோம்.

பயிற்சியாளர்

சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்து ஊசி போடுவது வலி மருத்துவர்களுக்குக் கைவந்த வேலை. சறுக்கலும் அங்கேதான். எபிடூரல் (தண்டுவட உறைக்கு வெளியே போடும்) ஊசியின் முனை சற்றே தள்ளி நின்றாலும் மருந்து பரவிப் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே ஊசி போன தடத்திலேயே 7-8 மி.மீ. குழாய் போகப்போகிறது, ஊசியின் பிழையைக் குழாய் பெரிதாக்கும்.

நுழையும் இடம் நடுக்கோட்டிலிருந்து 10 முதல் 14 செ.மீ. மனப்பாட எண்ணை நம்பாமல், அந்த நோயாளியின் எம்.ஆர்.ஐ. குறுக்குவெட்டுப் படத்தில் கோடு போட்டு அளக்க வேண்டும். ஒல்லியானவருக்கு 14 செ.மீ. தள்ளிக் குத்தினால் பாதையில் குடல் வரலாம்.

இலக்கு ‘காம்பின்’ (Kambin) என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் முக்கோணம், நரம்புகளைத் தொடாமல் டிஸ்க்கை அடையும் இடைவெளி. சாய்ந்த பக்கம் வெளியேறும் எல்4 நரம்பு, அடிப்பக்கம் எல்5 எலும்பின் மேல்விளிம்பு, உட்பக்கம் டூராவும் (நரம்புகளை மூடிய உறை) கீழிறங்கும் எல்5 நரம்பும். 18 கேஜ் ஊசியின் முனை பக்கவாட்டுப் படத்தில் முள்ளெலும்பின் பின்கோட்டைத் தொடும்போது, நேர்ப்படத்தில் பெடிக்கிளின் (முள்ளெலும்பின் பக்கத் தூண்) உள்விளிம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. பின்கோட்டுக்கு வருமுன்பே அதைத் தாண்டிவிட்டால் ஊசி தண்டுவடக் குழாய்க்குள் நிற்கிறது. வெளியே எடுத்து மறுபடி குத்துங்கள். உள்ளேயே வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

அடுத்து வழிகாட்டும் 0.8 மி.மீ. கைடுவயர், வழியை விரிக்கும் டைலேட்டர், வாய் சாய்வாக வெட்டிய கேனுலா (கருவிகள் போகும் குழாய்). டைலேட்டரைத் தட்டும்போது வயர் மடங்கினால், அது டைலேட்டரோடு சேர்ந்து முன்னேறி டிஸ்க்கின் முன்பக்கத்தைத் துளைக்கும். அதற்கு அப்பால் பெரிய ரத்தக்குழாய்கள். டைலேட்டர் நகரும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டுப் படம் எடுத்தே ஆகவேண்டும்.

மயக்கவியல் மருத்துவர்

இதில் நரம்புக்குக் காவல் நோயாளியின் வாய்தான். மிடசோலம், ஃபென்டானில் போன்ற அரைமயக்க, வலிநீக்க மருந்துகள் எல்லாம் கூப்பிட்டால் பதில் வரும் அளவோடு நிற்க வேண்டும். தோலுக்கும் தசைக்கும் மரத்துப்போக வைக்கும் 1% லிக்னோகெய்ன் தாராளமாகக் கொடுக்கலாம். நரம்பின் அருகே அதையே ஊற்றினால் நரம்பு மரத்து, குழாய் அழுத்தினாலும் நோயாளிக்குத் தெரியாது.

பயிற்சி மருத்துவர்கள் “வலிக்குதாம்மா?” என்கிறார்கள். டாக்டர் சங்கடப்படக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு “இல்லீங்க டாக்டர்” என்கிறார் அந்த அம்மா. அந்தக் கேள்வியே வேண்டாம். “காலுக்கு இழுக்குதாம்மா? தொடையிலயா, பெருவிரல்லயா?” என்று கேளுங்கள். முன்தொடை, முழங்காலுக்குக் கீழே உட்பக்கம் என்றால் குழாய் மேலேறி எல்4 நரம்பை அழுத்துகிறது. உடனே பின்வாங்கிக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். புறங்கால், பெருவிரல் என்றால் எல்5. இடுப்பில் மட்டும் அழுத்தம் என்றால் பெரும்பாலும் டிஸ்க் உறை. கேனுலாவைச் சுழற்றும்போது அதன் நீண்ட உதடு எல்4 நரம்பைக் கவ்விக்கொள்ளலாம், அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு.

இன்னொரு வாக்கியத்தை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம்: “டாக்டர், கழுத்து வலிக்குது.” படுத்திருந்த விதத்தால் வந்த வலி என்று நினைத்துத் தலையணையைச் சரிசெய்கிறார்கள். பார்வை தெளிய எண்டோஸ்கோப் வழியே விடும் சலைன் நீரின் அழுத்தம் எபிடூரல் இடத்தில் ஏறுவதன் அடையாளம் அது. உள்ளே வரும் நீரை நிறுத்துங்கள், வெளியேறும் வழியைத் திறந்துவிடுங்கள், டூரா கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டால் வலிப்பு வரை போகும்.

அறுவை அரங்கச் செவிலியர்

எண்டோஸ்கோப்பின் வேலைத்துளை சுமார் 4 மி.மீ. அதற்குள் போகும் ஃபோர்செப்ஸின் தாடை மெல்லியது. டிஸ்க்கைப் பிடிக்கும் கருவியால் எலும்பைத் திருகினால் தாடை உடைந்து உள்ளே விழும். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் இரண்டு தாடையும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையில் கொடுக்கிறோம். நீர் வடியும் பையைச் சரியாக ஒட்டாவிட்டால் நோயாளி நனைந்து நடுங்குவார். நடுங்கும் முதுகில் நரம்பின் பக்கத்தில் கருவி வைப்பது ஆபத்து.

பயிற்சியாளர்

விட்டுப்போனவை. சிறுநீர் அடைபட்டு, உட்காருமிடம் மரத்துப்போய் வருபவர் கற்றுக்கொள்வதற்கான நோயாளி அல்ல. உடனடியாகத் தண்டுவட அறுவை நிபுணரிடம் போகவேண்டியவர். எல்5-எஸ்1-இல் இடுப்பெலும்பு உயர்ந்து வழியை மறித்தால் பக்கவாட்டில் முட்டிமோத வேண்டாம், லாமினாக்களின் (முள்ளெலும்பின் பின்பக்கத் தகடுகள்) நடுவே போகும் வழி இருக்கிறது. ரத்தம் கசிந்து திரை சிவந்தால் கருவியை நகர்த்தாதீர்கள். நீரோட்டத்தைச் சற்று நேரம் மட்டும் கூட்டி, கசியும் புள்ளி தெரிந்த பிறகே கசிவைச் சுட்டு அடைக்கும் ரேடியோ அலை முனையை வையுங்கள்.

முடிந்ததா என்பதை மூன்றாகப் பாருங்கள். எடுத்த துண்டுகளைத் துணியில் பரப்பி எம்.ஆர்.ஐ. அளவோடு ஒப்பிடுங்கள். எல்5 நரம்பு நீரோட்டத்தில் தடையின்றி அசைந்து துடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு மேசையிலேயே “பெருவிரலை மேலே தூக்குங்கம்மா” என்று சொல்லி, காலைப் பாருங்கள்.