குழந்தைகள் மனநல ஆய்வுக்கு அரசு நிதி கேட்க எங்கிருந்து தொடங்குவது? (குடியாத்தம்)

கௌண்டன்யா கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை சார்பில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம், ஏழு வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறுபது பிள்ளைகள் வருகிறார்கள். அம்மாக்களில் பாதிப் பேர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், மீதிப் பேர் விடிவதற்குள் வேன் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி ஆற்றில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஐந்து வயதாக இருந்த ஒரு பையன் எங்கள் மையத்துக்கு வருகிறான். இன்றைக்கும் வானம் மூட்டம் போட்டால் போதும், நோட்டுகளையெல்லாம் பால் கவரில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு அதன் கீழேயே நிற்பான். வீட்டுக்குப் போடா என்றால், "தண்ணி வந்துட்டா அம்மா எப்படி ஏறும்?" என்று கேட்பான். அவன் ஒருவன் இல்லை, இப்படி ஒன்பது பத்துப் பிள்ளைகளைக் கணக்குச் சொல்வேன். படுக்கை நனைப்பது, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் இருப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே பேச்சே குறைந்துபோன பெண் பிள்ளைகள். 

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தவள். ஐ.சி.எம்.ஆர். (மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) போன்ற மத்திய அரசு இடங்களில் ஆராய்ச்சிக்கு அழைப்பு வருகிறது என்று தோழி சொன்னாள். "வட ஆற்காடு பகுதிக் குழந்தைகளின் மனநலத்தை மேம்படுத்துதல்" என்று தலைப்பு வைத்து நான்கு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். நாங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாமா? என்ன எழுதினால் எடுத்துக்கொள்வார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி எழுதியது:

மேடம், இருபது வருடத்துக்கு மேல் வேலூரில் ஆராய்ச்சித் திட்டங்களில் ஒருங்கிணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன், அந்தத் தலைப்போடு போனால் முதல் சுற்றிலேயே திரும்பி வரும். எங்கள் குழு முதலில் எழுதியதும் அப்படித்தான், "மேம்படுத்துதல்" என்று ஒரு பெரிய வார்த்தையை வைத்துக்கொண்டு போனோம், எதை அளப்பீர்கள் என்று ஒரே வரியில் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் கேட்டது சரியான கேள்வி.

உங்கள் கையில் இருக்கும் பொருள் அந்த நான்கு பக்கத்தில் இல்லை, பால் கவரில் நோட்டைச் சுற்றுகிற பையனிடம் இருக்கிறது. வெள்ளம் பார்த்த கரையோரத் தெருக்களின் பிள்ளைகள், எட்டிலிருந்து பன்னிரண்டு வயது, பயமும் பள்ளிக்குப் போகாமையும், மாலை மையத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் இரண்டு முறை உட்கார்ந்து பேசினால் ஆறு மாதத்தில் குறைகிறதா? இது ஒரு கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும். அதுதான் ஆராய்ச்சி, மற்றது சேவை. சேவையைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் சேவைக்கு வேறு இடத்தில் பணம் கேட்க வேண்டும்.

ஏன் இந்த வயது என்று கேட்பார்கள். பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. 13க்குக் கீழே உள்ளவர்களை அந்தக் கணக்கெடுப்பு எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியைச் சொல்லுங்கள். 7.3ஐ எடுத்து அப்படியே குடியாத்தத்துக்கு ஒட்டிவிடாதீர்கள், படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏன் ஆசிரியர்கள் இல்லாமல் மையத்து ஆள் என்றும் கேட்பார்கள். பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் சேஹர் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2018இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது. 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அதே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள், சில பள்ளிகளில் அதற்கென்று பயிற்சி கொடுத்து அமர்த்திய சாதாரண ஆள் நடத்தினார். இரண்டாவது வகையில் பள்ளிச் சூழல், மனச்சோர்வு, சீண்டல் எல்லாவற்றிலும் நல்ல மாற்றம் வந்தது, ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. உங்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். அங்கே பதின்பருவம், இங்கே சின்னப் பிள்ளைகள், அந்த வித்தியாசத்தையும் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்.

முதன்மை ஆய்வாளராக ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ நிரந்தரப் பதவியில் இருப்பவரை வையுங்கள், நீங்கள் இணை ஆய்வாளர். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இத்தனையும் எட்டும் தொலைவில் அமைந்த ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது! போய்ப் பேசுங்கள். நான்கு பக்கத்தை எடுத்துப் போகாதீர்கள், ஒரு பக்கம் போதும். அவர்களுக்கும் தெருவுக்குள் ஏழு வருடமாகப் பழகிய ஆள் கிடைப்பது சுலபமில்லை, அதனால் கெஞ்சுகிற தோரணையில் போக வேண்டாம்.

பேரணாம்பட்டு டீச்சர் எழுதியது:

அக்கா, நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. சார் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், எனக்கு இது ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

சில வருடம் முன்பு எங்கள் பள்ளிக்கு ஒரு குழு ஆராய்ச்சி என்று வந்தது. ஆசிரியர் பாரத்தில் பிள்ளைக்கு 25 கேள்வி, என் வகுப்பில் 38 பிள்ளைகள், ஆக 950 இடத்தில் டிக் போட்டேன், இரண்டு நாள் சாப்பாட்டு வேளையெல்லாம் அதற்கே போனது. அது பரவாயில்லை. பிள்ளைகளுக்கும் தாள் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் தாளின் பின்பக்கம் முழுவதும் எழுதினாள், பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தே போயிருந்தது. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுச் சணல் கட்டி எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் என்னிடம் வந்து, "டீச்சர், நான் எழுதினத அவங்க படிச்சாங்களா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளை உட்கார வைத்து என்ன எழுதினாய் என்று கேட்டேன், அப்புறம்தான் விஷயம் தெரிந்து வீட்டுக்குப் போய்ப் பேசினோம்.

அக்கா, உங்கள் விண்ணப்பத்தில் வேறு எது குறைந்தாலும் இது குறையக் கூடாது. கேள்வி கேட்டு ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே யார் பார்ப்பார்கள், எத்தனை நாளுக்குள் டாக்டரிடம் யார் கூட்டிப் போவார்கள், அதை எழுதாமல் பாரத்தைக் கையில் எடுக்காதீர்கள். பாரங்களை அன்று மாலையே ஒருவர் புரட்டிப் பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது பார்த்தால் யாருக்கு லாபம்?

பள்ளிக்குள் வர வேண்டுமென்றால் முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதிக் கடிதம் வேண்டும், தலைமையாசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள், அவர் மாற்றலாகிப் போனால் கதை முதலிலிருந்து தொடங்கும். அரையாண்டுத் தேர்வு, முழு ஆண்டுத் தேர்வு மாதங்களில் எதையும் வைக்காதீர்கள். மே மாதம் உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது, அது உங்களுக்குத் தெரியும், டெல்லியில் கால அட்டவணை பார்ப்பவருக்குத் தெரியாது, எழுதிவிடுங்கள்.

சத்துவாச்சாரி எழுதியது:

டீச்சர் சொன்னதுதான் இந்த விண்ணப்பத்தின் உயிர். ஆய்வுக்கு ஒப்புதல் தருகிற நெறிமுறைக் குழுவும் முதலில் அதைத்தான் கேட்கும். ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் குழந்தைகளுக்கென்றே தனியாக ஒன்று உண்டு. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 7 வயதிலிருந்து 11 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாக, 12 வயதிலிருந்து எளிய தமிழில் எழுத்தில். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தத் தாளை நீங்களே எழுதுங்கள், மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள், உங்கள் பிள்ளைகள் பேசுகிற தமிழ் உங்களுக்குத்தான் தெரியும்.

டீச்சர் நிரப்பியது பெரும்பாலும் எஸ்.டி.க்யூ. என்கிற, பிள்ளைகளின் பலமும் சிரமமும் கேட்கிற படிவமாக இருக்கும், ராபர்ட் குட்மன் உருவாக்கியது, தமிழிலும் இருக்கிறது. பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 11 வயதிலிருந்து பிள்ளையே நிரப்ப ஒன்று. வார்த்தைகளை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அது நோயைக் கண்டுபிடிக்கிற கருவியும் இல்லை, யாரை அடுத்துக் கவனிக்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதல் பிள்ளையைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்கிற மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும், பிறகு பதியலாம் என்று விட்டுவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்பதைப் புள்ளியியல் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒரே தெரு, ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், அதனால் எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிடக் கூடும்.

வாலாஜா கணக்கர் எழுதியது:

தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன், பணம் பக்கம் மட்டும் சொல்கிறேன். அறக்கட்டளை நேரடியாக அறிவியல் நிதி கேட்க டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் வேண்டும், உங்களிடம் இருக்க வாய்ப்புக் குறைவு, சார் சொன்னபடி கல்லூரி வழியாகப் போவதே சரி. தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளமான என்.ஜி.ஓ. தர்பணில் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள், எதற்குப் போனாலும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

ஐ.சி.எம்.ஆர். சிறு மானியம் என்பதே 2 கோடி வரை, 3 வருடம் வரை. அழைப்புக்கு அழைப்பு நிபந்தனை மாறும், அன்றைய அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு இருக்கிறதே என்று தொகையை ஏற்றாதீர்கள், அதேபோல் பயந்து குறைத்தும் எழுதாதீர்கள். எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்றைச் சொல்கிறேன்: ஒரு பிள்ளையைக் குடியாத்தத்திலிருந்து பாகாயத்துக்குக் கூட்டிப் போனால் இரண்டு பேருக்குப் பஸ், ஆட்டோ, சாப்பாடு, அதற்கு மேல் அம்மாவின் அன்றைய கூலி போகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் முறத்தைக் கீழே வைத்தால் அன்றைக்கு வருமானம் கிடையாது. பயணச் செலவும் இழந்த கூலியும் ஈடுசெய்ய நெறிமுறையில் இடம் உண்டு, குழுவிடம் தொகையைக் காட்டி ஒப்புதல் வாங்கினால் போதும். இதைப் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முறை அந்த அம்மா வர மாட்டார், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

வருடா வருடம், பணத்தை எதற்குச் செலவு செய்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்கிற அரசுப் படிவத்தில் கொடுக்க வேண்டும், அது போகாமல் அடுத்த தவணை வராது. தவணை தாமதமானால் களப்பணியாளர் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று கல்லூரியோடு முன்கூட்டியே எழுத்தில் பேசி வையுங்கள். இரண்டு மாதம் சம்பளம் நின்றால் நல்ல பெண்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள், பிள்ளைகள் அவர்களிடம்தான் மனம் திறந்து பேச ஆரம்பித்திருப்பார்கள்.

கௌண்டன்யா கரை எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர், அந்தப் பெண் கேட்ட கேள்வியைப் படித்த பிறகு நேற்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நான்கு பக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பக்கம் புதிதாக எழுதினேன். தலைப்பில் இப்போது வட ஆற்காடு இல்லை, மூன்று தெருக்களின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது சார். பாகாயம் என்று சொன்னாலே இங்கே பெற்றோர் முகம் மாறிவிடும், என் பிள்ளை பைத்தியமா என்று கேட்பார்கள். அதை எப்படி எழுதுவது?

சத்துவாச்சாரி எழுதியது:

இருக்கிறதை இருக்கிறபடியே எழுதுங்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை டாக்டர் உங்கள் மையத்துக்கே வர ஒப்புக்கொள்வாரா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், ஒப்புக்கொண்டால் அதையே திட்டத்தின் பகுதியாக்கிவிடலாம், எத்தனை பெற்றோர் வந்தார்கள் என்பதும் ஒரு முடிவாகக் கிடைக்கும்.

இன்னொன்று. அழைப்பு, பரிசீலனை, நெறிமுறைக் குழு, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து முதல் ரூபாய் வர ஒரு வருடம்கூட ஆகும். அந்தப் பையனை அதுவரை நிறுத்தி வைக்காதீர்கள். 14416க்குப் போன் செய்தால் டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அப்புறம் நேரில் காட்டுங்கள்.

கௌண்டன்யா கரை எழுதியது:

சரி சார். இன்று மாலை அவன் அம்மா வீட்டுக்குப் போனேன். முறத்தை மடியில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மழை பெய்தால் ராத்திரி வீட்டிலும் எழுந்து எழுந்து வாசலைப் பார்க்கிறான் என்று அவரே சொன்னார், இதற்கெல்லாம் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார். புதன்கிழமை அவன், அவன் அம்மா, நான் மூன்று பேரும் டாக்டரிடம் போகிறோம். அந்த ஒரு பக்கத்தையும் கையோடு எடுத்துப் போகிறேன்.