சைட்டுகளில் வீசாட் (சாட்டிலைட் வழியாக இணையம் தரும் சின்ன டிஷ்) கணக்கு பார்க்கிறவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு போன் காலைச் சொல்லுங்கள்

ஜாலஹள்ளி கிராஸ்:

பெங்களூர் பீன்யாவில் ஆபீஸ், டிரில்லிங் கம்பெனி. பதினொரு கேம்ப், பதினொரு வீசாட், எல்லா டேட்டா பிளானும் என் பொறுப்பு. எஃப்யுபி, அதாவது முழு வேகத்துக்கான மாத டேட்டா அளவு, தீர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒடிசாவில் சுந்தர்கர் பக்கம் ஒரு கேம்ப். மொபைல் சிக்னல் அறவே கிடையாது. மாதம் 40 ஜிபி. மூன்று மாதமாக 12-ஆம் தேதிக்கே தீர்ந்துகொண்டிருந்தது. மேலே கேட்டார்கள். ரிக் ஆட்கள் ராத்திரி வீடியோ பார்க்கிறார்கள் என்று சொன்னேன். பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஃபயர்வாலில் வீடியோ, வாட்ஸ்அப் கால் எல்லாவற்றையும் அந்தக் கேம்புக்கு அடைத்தேன்.

நாலாம் நாள் ராத்திரி அங்கிருந்து, அதே வீசாட் வழியாக ஓடும் ஐபி போனில் ஒரு ரிக் ஆபரேட்டர் கூப்பிட்டார். நான் ஹிந்தியில் ஆரம்பிக்க, "தமிழுங்களா சார்?" என்றார். திருச்செங்கோட்டுக்காரர். ஜியோ சாட்டிலைட்டில், அதாவது பூமியோடு சேர்ந்தே சுற்றுகிற தூரத்து சாட்டிலைட்டில், பேசியவர்களுக்குத் தெரியும், குரல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்குவதற்குள் நாம் அடுத்த வார்த்தையை எடுத்திருப்போம். இரண்டு பேச்சும் மோதும். இரண்டு பேரும் நிறுத்துவோம், மறுபடி சேர்ந்தே ஆரம்பிப்போம். அப்படி மோதி மோதி அவர் சொன்னது இதுதான்: "நாளைக்குப் புள்ளைக்குத் திரட்டி சீருங்க சார். லீவு கெடைக்கல. பத்து நிமிசம் போன்ல பாத்துட்டாப் போதுமுங்க." திரட்டி சீர் என்றால் பெண் பெரியவளானதற்குச் செய்கிற சடங்கு.

பிளான் தீர்ந்துவிட்டது, ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டி வரும் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் தாமதம் என்று நினைத்துக் காத்திருந்தேன். தாமதம் அரை நொடிதான். அவர் பேசவில்லை. அப்புறம், "சரிங்க சார், நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் டிராஃபிக் லாகைப் பிரித்துப் பார்த்தேன். கோர் பாக்ஸ் போட்டோ! துளையிலிருந்து வரும் பாறைத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கி ஜியாலஜிஸ்ட் படம் எடுப்பார். படம் ஒன்று 12 எம்பி, ஒரு நாளைக்கு ஐம்பது. அது கிளவுட் ஃபோல்டருக்கு ஏறும். அதே கூடாரத்தில் இருந்த இன்னும் இரண்டு லேப்டாப்பும் அதே ஃபோல்டரில் சேர்ந்தவை, ஏறிய படத்தைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ளும். மூன்றடி தள்ளி இருக்கிற மேசைக்குப் போக ஒரு படம் மூன்று தடவை சாட்டிலைட்டைத் தொட்டிருக்கிறது. 12 நாளில் 21 ஜிபிக்கு மேல். லேப்டாப் அப்டேட் ஒரு 9 ஜிபி. ரிக் ஆட்கள் இருபத்திரண்டு பேரும் சேர்ந்து 6 ஜிபிகூட இல்லை.

அதற்குள் சீர் முடிந்திருந்தது.


எச்எஸ்ஆர் செக்டர் 2:

பெட்ரோல் பங்க் ஆட்டோமேஷன், அறுபது சைட்டுக்கு மேல். என்னுடையது சின்ன விஷயம், ஆனால் இன்னும் உறுத்துகிறது.

ஒரு மார்ச் இரண்டாம் வாரம். மதியம் பன்னிரண்டரையை ஒட்டி தெலங்கானா சைட்கள் வரிசையாக விழுந்தன. பத்து நிமிஷத்தில் தானாகவே எழுந்தன. போர்ட்டலைத் திறந்தால் நாலைந்து சைட்டில் டேட்டா 90 சதவீதம் தாண்டியிருந்தது. சரி, அதுதான் காரணம் என்று டாப்-அப் போட்டேன். மறுநாள் அதே நேரம், அதே விழுதல். மறுபடி டாப்-அப். மூன்றாம் நாளும்.

நாலாம் நாள் ஒரு பங்கில் வேலை பார்க்கிற தம்பி, கேட்காமலேயே ஒரு போட்டோ அனுப்பினான். டிஷ்ஷின் போட்டோ. டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலைப் பிடிக்கிற ஃபீட் ஹார்னின் முகத்தில் மட்டும் வெயில் வெள்ளையாகக் குவிந்து நின்றது. கீழே ஒரு வரி: 'சார், சூரியன் நேரா டிஷ்ஷுக்குள்ள பாக்குது.' சன் அவுட்டேஜ். வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசி அக்டோபரில் ஒரு தடவை, சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிஷம் சூரியனுடைய இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். எந்த டாப்-அப்பும் அதைக் காப்பாற்றாது. படித்ததுதான். மூன்று நாளும் டிஷ்ஷை நினைக்காமல் போர்ட்டலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.


கே.ஆர். புரம் மூத்தவன்:

ஜாலஹள்ளி தம்பி, நீங்கள் மறுத்தது தப்பில்லை. அன்றைக்குத் திறந்திருந்தால் மாதக் கடைசியில் டிரில்லிங் ரிப்போர்ட் ஏறியிருக்காது, அப்போதும் உங்களைத்தான் கேட்டிருப்பார்கள். தப்பு அதற்கு முன்னால் நடந்தது. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லா லேப்டாப்பிலும் அந்த நெட்வொர்க்கை மீட்டர்ட் கனெக்‌ஷன் (அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்துவையுங்கள், பெரிய அப்டேட்களில் பாதி தானாக இறங்காது. கேம்புக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்டோரேஜ் பெட்டி வைத்தால் மூன்று லேப்டாப்பும் அதிலிருந்தே படம் எடுத்துக்கொள்ளும், கிளவுடுக்கு ஒரு பிரதி ராத்திரி போனால் போதும். இரண்டாவது, பதினொரு தனிப் பிளானுக்குப் பதிலாக பூல் பிளான் கேளுங்கள். ஒரு கேம்பில் மிஞ்சுவது இன்னொன்றுக்குப் போகும். ஆனால் பூலில் சைட்வாரியாக உச்ச வரம்பு போடாவிட்டால் ஒரே சைட் மொத்தத்தையும் தின்றுவிடும், அதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, எல்லா சைட்டின் பில்லிங் சைக்கிளையும் ஒரே தேதிக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று 3-ஆம் தேதி, ஒன்று 17-ஆம் தேதி என்று இருந்தால் எவனுக்கு எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. நாலாவது, கேம்ப் இடம் மாறினால் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் மாட்டிவிடாதீர்கள். வீசாட் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பதிவு செய்த விஷயம், சர்வீஸ் கொடுப்பவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். ஐந்தாவது, மழைக்காலத்தில் கேயு பேண்ட் (இந்த டிஷ்கள் பேசுகிற அலைவரிசை) படுத்துக்கொள்வதற்கும் பிளான் தீர்ந்து வேகம் குறைவதற்கும் வித்தியாசம் தெரியாத ஆளை ராத்திரி ஷிஃப்டில் உட்காரவைக்காதீர்கள். மழை விட்டதும் சரியானால் அது பிளான் இல்லை.

என் அனுபவம் என்று கேட்டால், ஒருவர் வேலையை விட்டுப் போனார். 19 சைட்டின் கணக்கும் அவர் மெயில் ஐடியில். ஓடிபி அவர் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குப் போனவரைத் தேடிப் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. கணக்கு ஆளின் பெயரில் இருக்கக் கூடாது, பதவியின் பெயரில் இருக்க வேண்டும்.


கோரமங்களா பில் டெஸ்க்:

மூத்தவன் சார், ஜாலஹள்ளி கேட்டது பிளான் பற்றி இல்லை. ஒரு ஆள் பத்து நிமிஷம் கேட்டார், அவருக்குக் கிடைக்கவில்லை, அதைச் சொன்னார். ஐந்து பாயின்ட்டில் அது எங்கே வருகிறது?

நான் அக்கவுன்ட்ஸ். எனக்கு வருவது பில் மட்டும்தான். அதில் ஊர்ப் பெயர் இருக்காது, சர்க்யூட் ஐடி என்கிற இணைப்பு எண்தான். டிஷ் எந்த மாநிலத்தில் மாட்டியிருக்கிறதோ அந்த மாநிலத்தின் ஜிஎஸ்டி நம்பரில் பில் வர வேண்டும், மாறி வந்தால் இன்புட் கிரெடிட், அதாவது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது, மாட்டிக்கொள்ளும். அதற்காகப் போன வருஷம் ஒவ்வொரு சர்க்யூட்டாக எடுத்து, ஷீட்டில் இருந்த சைட் நம்பருக்கு நானே போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

கலபுரகி பக்கம் ஒரு கிடங்கு. மணி நாலு இருக்கும். வாட்ச்மேன் எடுத்தார், வயசான குரல். யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "இல்லி யாரூ இல்லா மேடம்" என்றார். கிடங்கு மூடிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. பூட்டும் அவரும்தான். பிளான் மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது, கையெழுத்து என்னுடையது.

சரி, மோடத்தை அணைத்துவிடுங்கள் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவரே பெருமையாகச் சொன்னார், தினமும் காலையில் துணியால் துடைக்கிறாராம், மூன்று பச்சை லைட்டும் எரிகிறதாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடக் கூடாது, ஆனால் இந்தப் பெட்டியின் யூபிஎஸ்ஸை மட்டும் பார்த்துக்கொள் என்று எப்போதோ ஒரு இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டிஷ்ஷில் கூடு கட்ட வந்த புறாவை நாலு தடவை விரட்டினாராம்.

பதினாலு மாதப் பிளான் வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மேலே கணக்குக் கொடுத்தபோது அந்தத் தொகையைத்தான் எழுதினேன். துடைத்ததை ஷீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?


விமானபுரா:

இதெல்லாம் ஜியோ சாட்டிலைட் தொல்லை. தாழ்வாகச் சுற்றுகிற லியோ சாட்டிலைட் இணையம் வந்துவிட்டால் முடிந்தது. அதைத் தருகிற ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தாயிற்று. சுமார் 500 கிலோமீட்டர் உயரம், பேச்சு மோதாது. அதுவரை வெளிநாட்டில் வாங்கிய கிட்டை யாராவது கொண்டுவந்து தந்தால் சைட்டில் வைக்காதீர்கள், இங்கே அனுமதி இல்லாமல் வைப்பது சட்டத்துக்கு விரோதம். எங்கள் கான்ட்ராக்டர் ஒருவர் ஆசைப்பட்டார், நான் ஒரே வார்த்தையில் மறுத்தேன்.


ஜாலஹள்ளி கிராஸ்:

விமானபுரா, பேச்சு மோதாமல் இருந்திருந்தால் அவருக்கு 'இல்லை' என்பது சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மூத்தவன் சார், ஸ்டோரேஜ் பெட்டி வைத்துவிட்டோம். நீங்கள் சொன்ன மாதிரியேதான். இப்போது 40 ஜிபி 27, 28-ஆம் தேதி வரை வருகிறது. ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை ரிக் ஆட்களுக்குத் தனி வைஃபை, ஆளுக்கு ஒரு கூப்பன். அதை நான் எழுதிக் கேட்டபோது மேலே யாரும் மறுக்கவில்லை. முதலிலேயே கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த ஆபரேட்டர் இப்போது அங்கே இல்லை, வேறு கம்பெனி ரிக்கில் ராஜஸ்தான் போய்விட்டதாகச் சொன்னார்கள். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.

பில் டெஸ்க் மேடம், அந்த வாட்ச்மேனிடம் அப்புறம் சொன்னீர்களா?


கோரமங்களா பில் டெஸ்க்:

சொன்னேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன். "இனிமே ஆன் பண்ண வேண்டாமா மேடம்?" என்று கன்னடத்தில் மூன்று தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். பெட்டியை எடுக்க ஆள் வரும்வரை துணி போட்டு மூடி வைக்கட்டுமா என்றார். வையுங்கள் என்றேன். ஆள் போக ஆறு வாரம் ஆயிற்று. போன பையன் அங்கிருந்து எனக்குப் போன் செய்தான்: "மேடம், இந்த மோடம்ல தூசியே இல்ல, இது யூஸ்ல இருக்கிற சைட்டா?"